துணி உலரும் வரை: காஞ்சியின் சலவைக்கல்லும் நமது தஹாரத்தும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

பட்டு நெசவாலும் கோயில்களாலும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள சிற்றூர் ஏனாத்தூர். ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா 1993-ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இங்கே அமைந்தது. அதன் பின்னர் மருத்துவக் கல்லூரி ஒன்றும் வந்தது. இன்று அவ்வூரின் விடுதி மாடிகளிலும் வீட்டு முற்றங்களிலும் கொடிக்கயிறுகளில் கைலியும் சட்டையும் சுடிதாரும் பள்ளிச் சீருடையும் காற்றாடிக்கொண்டிருக்கின்றன. உலகெங்கும் பட்டுக்காக அறியப்பட்ட நகரத்தின் ஓரத்தில் அன்றாடம் உலர்வது என்னவோ பருத்தியும் பாலியஸ்டரும்தான்.

தொழுகை நிறைவேற உடல், உடை, இடம் ஆகிய மூன்றும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதை மக்தபில் முதல் ஆண்டிலேயே கற்கிறோம். ஒளு செய்யும் முறையை உஸ்தாத் செய்து காட்டுகிறார். தொழும் இடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்கிறோம். ஆனால் நாம் உடுத்தித் தொழும் ஆடை எவர் கையால் தூய்மையானது என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நமக்கு மிக அருகில், காஞ்சி மண்ணிலேயே நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஒற்றை ஆடையும் இரு ஊர்களும்

கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணம், சைவ அடியார் அறுபத்து மூவரின் வரலாற்றைக் கூறும் நூல். அவர்களுள் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த திருக்குறிப்புத் தொண்டர் ஒரு சலவைத் தொழிலாளி. குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த உடலும் அழுக்கேறிய கந்தையுமாக ஒரு முதியவர் அவரிடம் வருகிறார். குளிரைத் தாங்க அவருக்கு அந்த ஒரு துணியைத் தவிர வேறில்லை. பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தர வேண்டும் என்கிறார். தொண்டரும் ஒப்புக்கொள்கிறார். துணி துவைத்தாயிற்று, உலர்த்தும் வேளையில் பெருமழை பிடித்துக்கொள்கிறது. மழை விடும் என்று காத்து நிற்கிறார், விடவில்லை. முன்னதாகவே துவைத்து வீட்டினுள் காற்றில் உலர்த்த அறியாமல் போனேனே என்று கலங்குகிறார். முதியவர் குளிரில் நடுங்குவாரே என்ற வேதனையில், துணி அடிக்கும் கற்பாறையிலேயே தம் தலையை மோதிக்கொள்ளத் துணிகிறார். அங்கே இறைவன் அவரைத் தடுத்து ஆட்கொண்டதாகச் சைவ மரபு கூறும்.

அம்மரபின் இறையியலில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அக்கதையில் உள்ள உலகம் நாம் அறிந்த உலகமே. ஒரே ஓர் ஆடை உடைய ஏழைக்குத் துணி துவைப்பது எளிய காரியம் அன்று. துவைத்த துணி உலரும் வரை அவன் வெளியே வர முடியாது. பகல் வெளிச்சமும் மழையும் காற்றும் அவனுடைய வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

இதே நெருக்கடியை நம் வரலாறும் அறியும். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிரியாவின் ஹிம்ஸ் நகருக்கு ஆளுநராக இருந்தவர் ஸயீத் இப்னு ஆமிர் அல்ஜுமஹீ (ரலி). ஹிம்ஸ் மக்கள் கலீஃபாவிடம் அவரைப் பற்றிச் சில குறைகளை முறையிட்டனர். அவற்றுள் ஒன்று, மாதத்தில் ஒருநாள் அவர் பகல் முடியும் வரை வெளியே வருவதில்லை என்பது. கலீஃபா விளக்கம் கேட்டபோது, தம்மிடம் பணியாளர் இல்லை என்றும், உடுத்தியிருக்கும் ஆடையைத் தவிர வேறு ஆடை இல்லை என்றும், அதைத் தாமே துவைத்து உலரும் வரை காத்திருந்து, உடுத்திக்கொண்டு வெளிவருவதாகவும் அவர் கூறினார். இச்செய்தியை அறிஞர் அபூ நுஐம் (ரஹ்) தம் 'ஹில்யத்துல் அவ்லியா' நூலில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களே ஒருமுறை ஜும்ஆவிற்குத் தாமதமாக வந்து, தம் ஒற்றை ஆடை துவைத்து உலர்வதற்காகக் காத்திருக்க நேர்ந்ததைக் காரணமாகக் கூறியதாகவும் வரலாற்று நூல்களில் காண்கிறோம்.

காஞ்சியின் கதையில் ஏழையின் துணியைத் துவைத்துத் தருபவர் மற்றொருவர். ஹிம்ஸின் செய்தியில் ஆளுநரே தம் துணியைத் துவைக்கிறார். தமிழகத்து முஸ்லிம்களாகிய நாம் நூற்றாண்டுகளாக இவ்விரு உலகங்களுக்கும் நடுவே வாழ்ந்து வந்திருக்கிறோம். தூய்மையின் சட்டங்களை மதீனாவிலிருந்து பெற்றோம். அதற்கான உழைப்பைப் பெரும்பாலும் ஊர் வழக்கத்திடம் ஒப்படைத்தோம்.

களர் மண், வெள்ளாவி, சேங்கொட்டை

தமிழ்நாட்டில் சலவைத் தொழிலின் தொன்மைக்குச் சங்க இலக்கியமே சான்று. புறநானூற்றின் 311-ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுக்கும் பெண் காணப்படுகிறாள். குறுந்தொகையின் 330-ஆம் பாடலில் அவளே துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்துக் குளத்து நீரில் அலசுகிறாள். சங்கப் புலவர்கள் அவளைப் புலைத்தி என்று குறிக்கின்றனர். களர் நிலம் பயிருக்கு உதவாது. ஆனால் அதன் உவர்மண்ணில் உள்ள காரம் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்கும். வேளாண்மைக்குப் பயன்படாத மண்ணைச் சலவைக்குப் பயன்படுத்திய அறிவு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

பிற்காலத்திலும் இம்முறையே தொடர்ந்தது. துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, கொதிநீர்ப் பானையின் மேல் சுற்றி அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் வேகவைப்பர். இதுவே வெள்ளாவி. மறுநாள் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி, வெள்ளைத் துணிக்கு நீலமும் கஞ்சியும் இட்டு, வெயிலில் விரித்து உலர்த்துவர். எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்று அறியச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவர். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அக்குறி அழியாது. எழுத்தறியாதவர் என்று பிறர் கருதிய தொழிலாளி, ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் தனித்தனிக் குறி வைத்துக் கணக்குத் தவறாமல் பார்த்துக்கொண்டார்.

சோழமண்டலக் கரையின் துணி வாணிகமும் இக்கைகளை நம்பியே நடந்தது. நெசவாளியின் தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பு நிறமுடையது. அதை வெளுத்த பின்னரே கப்பலில் ஏற்றினர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தோர் குடியிருந்த பகுதியே சென்னையின் வண்ணாரப்பேட்டை. அக்காலத்து ஐரோப்பாவில் துணியைச் சாம்பல் நீரிலும் புளித்த மோரிலும் மாற்றி மாற்றி நனைத்து, புல்வெளியில் மாதக் கணக்கில் விரித்துவைத்தே வெளுத்தனர். குளோரினால் துணியை வெளுக்கலாம் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே 1785-இல் கண்டறிந்தார். சலவைத் தூளுக்கு ஸ்காட்லாந்தின் டெனன்ட் 1799-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை வெண்மை என்பது வெயிலும் நீரும் மனித உழைப்பும் சேர்ந்து தந்த ஒன்றாகவே இருந்தது.

காஞ்சியின் பட்டும் இதற்கு விலக்கன்று. பட்டுநூலின் மேல் இயற்கையாக அமைந்த பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து நீக்கிய பின்னரே சாயமிடுகின்றனர். அப்போது நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பட்டின் பளபளப்பு ஒரு சலவையில்தான் வெளிப்படுகிறது.

மார்க்கம் கற்றுத் தந்த துவைப்பு

நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய தொடக்கக் கால வசனங்களுள் ஆடையைத் தூய்மைப்படுத்துமாறு கூறும் கட்டளையும் ஒன்று. அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் நான்காம் வசனம் அது. உள்ளத்தையும் செயலையும் தூய்மையாக்குவதே அதன் கருத்து என்று விளக்கிய முஃபஸ்ஸிர்களும் உளர். ஆயினும் ஆடை என்ற சொல்லின் நேரடிப் பொருளை எவரும் ஒதுக்கிவிடவில்லை.

ஹதீஸ்களைக் கவனித்துப் படித்தால், துவைத்தல் என்னும் வீட்டு வேலை அவற்றில் எவ்வளவு இயல்பாக இடம்பெறுகிறது என்பது விளங்கும். நபியவர்களின் ஆடையில் பட்ட பெருந்தொடக்கின் அடையாளத்தைத் தாம் கழுவியதாகவும், அந்த ஈரத்தின் சுவடு தெரியும்படியே அவர்கள் தொழுகைக்குச் சென்றதாகவும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மாதவிடாய் இரத்தம் பட்ட ஆடையை என்ன செய்வது என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அதைச் சுரண்டி, நீர் விட்டுத் தேய்த்து, அலசி, அதே ஆடையில் தொழலாம் என்று நபியவர்கள் விடையளித்ததை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள். இவ்விரண்டும் புகாரியில் உள்ளன. அழுக்காடை அணிந்த ஒருவரைக் கண்டு, ஆடையைக் கழுவிக்கொள்ள இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்று நபியவர்கள் வினவியதை ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூத் பதிவு செய்கிறது.

அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பைத் தமிழகச் சூழலில் வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் புரியும். இங்கே பல சமூகங்களில் மாதவிடாய்க் காலத்துப் பெண் தீட்டுக்குரியவளாக ஒதுக்கப்பட்டாள். அவள் உடுத்த 'மாற்று'த் துணி தருவதும், தீட்டுத் துணியை எடுத்துச் சென்று வெளுப்பதும் வண்ணாத்தியின் கடமை. தீட்டைத் தொட்டவள் என்பதாலேயே வண்ணாத்தியும் தாழ்த்தி வைக்கப்பட்டாள். இஸ்லாமோ, கழுவ வேண்டியது துணியில் பட்ட கறையை மட்டுமே என்றது. பெண்ணின் உடலிலோ அவள் தொட்ட பொருளிலோ தீட்டு இல்லை. கறையைக் கழுவியவருக்கும் எவ்வித இழிவும் இல்லை.

ஃபிக்ஹு நூல்கள் இவ்வடிப்படையில் வீட்டுச் சட்டங்களை விரித்துரைத்தன. கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் பட்ட துணியை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நன்கறிந்த சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில், குறைந்த அளவு நீரில் நஜீஸான துணியை முக்கினால் அந்நீரே நஜீஸாகிவிடும். ஆகவே துணியின் மேல் நீரை ஊற்றிக் கழுவ வேண்டும். நஜீஸ் பட்ட தரை வெயிலில் காய்ந்து சுவடு நீங்கினால் அதன்மீது தொழலாம் என்று ஹனஃபிகள் கூறுவர். துணிக்கு அச்சலுகை இல்லை; வெயிலில் காய்ந்துவிட்டது என்பதாலேயே அது தூய்மையாகிவிடாது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களின் வழியாக இத்தகைய சட்டங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வீட்டுப் பெண்களைச் சென்றடைந்தன. கிணற்றடியில் எத்தனை வாளி நீர் ஊற்றினால் போதும் என்பதை நம் மூதன்னையர் சட்டத்தோடு அறிந்திருந்தனர்.

கஸ்ஸார்: இழிவில்லாத ஒரு தொழில்

துணி வெளுப்பவரை அரபியில் 'கஸ்ஸார்' என்பர். இஸ்லாமிய நாகரிகத்தில் அது ஒரு கைத்தொழிலின் பெயர். பிறப்போடு ஒட்டிய முத்திரை அன்று. ஈஸா (அலை) அவர்களின் தோழர்களைத் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்று அழைக்கிறது. அவர்கள் துணி வெளுப்பவர்களாக இருந்ததால் வெண்மையைக் குறிக்கும் அப்பெயர் வந்தது என்பது முஃபஸ்ஸிர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று. வட இந்தியாவின் முஸ்லிம் சலவைத் தொழிலாளர் 'ஹவாரி' என்று தம்மைப் பெருமையோடு அழைத்துக்கொள்வது அதனால்தான். ஹிஜ்ரி 271-இல் மறைந்த நைஸாபூரின் பெரும் ஸூஃபி ஹம்தூன் அல்கஸ்ஸார் (ரஹ்) அவர்களின் பெயரிலேயே அத்தொழில் நிலைத்துவிட்டது.

ஹனஃபி மத்ஹபின் இரண்டாம் தூணாகிய இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களைப் பற்றிய ஒரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. ஏழைத் தாய் அவரைச் சிறுவயதில் ஒரு கஸ்ஸாரிடம் வேலைக்குச் சேர்த்தார். சிறுவரோ இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட அவையில் போய் அமர்ந்துகொண்டார். பின்னாளில் அவர் தனியே பாடம் நடத்தத் தொடங்கியபோது, ஆசிரியர் ஒருவரை அனுப்பி ஒரு கேள்வி கேட்கச் செய்தார். வெளுக்கத் தந்த துணியை ஒரு கஸ்ஸார் முதலில் தரவில்லையென்று மறுத்து, பின்னர் வெளுத்துத் திருப்பித் தந்தால் அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. மறுக்குமுன்பே வெளுத்திருந்தால் கூலி உண்டு. அபகரிக்கும் எண்ணம் கொண்டபின் தனக்கென வெளுத்திருந்தால் கூலி இல்லை என்பதே விடை. மாணவர் தம் நிறைவின்மையை உணர்ந்து ஆசிரியரிடம் திரும்பினார்.

இதில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பேரறிஞரின் கல்வியை அளக்கும் கேள்வியாக ஒரு சலவைத் தொழிலாளியின் கூலி அமைந்தது. ஹிதாயா போன்ற நூல்கள் பொதுத் தொழிலாளியின் பொறுப்பை விளக்கும்போது, கஸ்ஸார் அடித்துத் துவைக்கையில் துணி கிழிந்தால் இழப்பீடு உண்டா என்ற உதாரணத்தை எடுத்தாள்கின்றன. கஸ்ஸாருக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஒரு மனிதர்.

தமிழகத்தில் நடந்ததோ வேறு. ஊர் வண்ணார் தலைமுறை தலைமுறையாக ஊருக்குக் கட்டுப்பட்டவராக இருந்தார். கூலி என்று வரையறுத்த பணம் இல்லை. அறுவடைக்கால நெல்லும் அந்தி நேரத்துச் சோறும்தான். தாழ்த்தப்பட்ட மக்களின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடியது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று கருதப்பட்ட அவர்கள் பகலில் நடமாட முடியாமல் இரவிலேயே தொழில் செய்ய நேர்ந்தது. திருநெல்வேலிப் பகுதியில் நிலவிய இக்கொடுமை 1932-ஆம் ஆண்டு இறுதியில் 'தி இந்து' நாளிதழ் வழியாக வெளியுலகிற்குத் தெரிந்தது. வெயிலில் உலர வேண்டிய துணியை வெளுத்தவர்களுக்கு வெயிலே மறுக்கப்பட்டிருந்தது. எழுத்தாளர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதினம் 1994-இல் அவர்களுடைய வாழ்வைத் தமிழ் வாசகர்முன் வைத்தது. தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது 2009-ஆம் ஆண்டில்தான்.

இவ்வமைப்பை முஸ்லிம்கள் உருவாக்கவில்லை என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள இயலாது. நமது ஊர்களிலும் வெள்ளைத் துப்பட்டியும் ஜிப்பாவும் பெருநாள் வேட்டியும் அதே கைகளில்தான் வெளுத்தன. அபூயூஸுஃபின் மத்ஹபைப் பின்பற்றியவர்கள், கஸ்ஸாரின் கூலியை நுணுகி ஆராய்ந்த அந்தச் சட்டத்தைத் தம் வாசலில் நின்ற தொழிலாளிக்கு எந்த அளவு கடைப்பிடித்தார்கள் என்பது நாம் நேர்மையோடு கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை.

துவைப்பு வீட்டுக்குள் வந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் வேதியியல் இந்த ஏற்பாட்டை மெல்லக் கலைத்தது. சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறையை 1791-இல் பிரான்சின் லெப்ளாங் கண்டறிந்ததும் சோப்பின் விலை குறையத் தொடங்கியது. அதற்கு முன்பே அலெப்போவும் நாப்லுஸும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக்குப் பெயர் பெற்றிருந்தன. அரபியின் 'ஸாபூன்' என்ற சொல் இந்துஸ்தானியிலும் மலாயிலும் 'சாபுன்' ஆயிற்று. தமிழில் நாம் சவுக்காரம் என்றோம்; இலங்கையில் இன்றும் சவர்க்காரம் என்பர். லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்பு 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. சென்னை மாகாண அரசின் ஆதரவில் 1914-இல் கோழிக்கோட்டில் சோப்பு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது.

சோப்பில் என்ன கொழுப்பு சேர்கிறது என்ற ஐயம் முஸ்லிம்களுக்கு இயல்பாக எழுவது. இதற்கும் ஃபிக்ஹில் முன்பே விடை இருந்தது. நஜீஸ் கலந்த எண்ணெய் சோப்பாக மாறிவிட்டால், பொருளின் தன்மையே மாறிவிடுவதால் அது தூய்மையானது என்று துர்ருல் முக்தார் போன்ற ஹனஃபி நூல்கள் தீர்ப்பளித்துள்ளன. ஷாஃபிஈ மத்ஹப் இத்தகைய மாற்றத்தை அவ்வளவு விரிவாக ஏற்பதில்லை. அதனால் தாவர எண்ணெய்ச் சோப்பைத் தேடிய பேணுதலான குடும்பங்களையும் குறை கூற முடியாது.

1959-இல் சர்ஃப் தூளும் 1969-இல் அதைவிட மலிவான நிர்மாவும் வந்தபின், வாளியில் ஊறவைத்துத் துவைப்பது ஏழை வீட்டிலும் சாத்தியமாயிற்று. குழாய் நீரும் மின்மோட்டாரும் துவைகல்லை ஆற்றங்கரையிலிருந்து வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தன. வெள்ளாவி அணைந்தது, கழுதைகள் மறைந்தன. ஊர் வண்ணாரின் பிள்ளைகளுள் பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். சிலர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்துக்கொண்டனர். பிறவிக் கட்டு தளர்ந்தது நன்மையே, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அவர் தோளிலிருந்து இறங்கிய மூட்டை எங்கே போயிற்று? அது வீட்டுப் பெண்ணின் இடுப்புக்கு ஏறியது. சாதி சுமந்த வேலையைத் தாயும் மனைவியும் மருமகளும் சுமக்கலாயினர். அதற்குக் கூலி என்ற பேச்சே இல்லை. ஊறவைத்தல், தேய்த்தல், மூன்று முறை அலசிப் பிழிதல், மாடியேற்றி உலர்த்தல், மழைத்தூறல் கண்டால் ஓடிச்சென்று எடுத்தல், மடித்தல் என்று நீளும் அவ்வேலையை முடித்த பின்னரே அவள் தன் தொழுகைக்கு நிற்கிறாள். அவள் துவைத்த ஆடையை உடுத்தி ஆண்கள் முதல் ஸஃப்பில் நிற்கின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். தம் ஆடையைத் தாமே துப்புரவு செய்ததாகவும், ஆட்டில் பால் கறந்ததாகவும், தம் வேலையைத் தாமே செய்துகொண்டதாகவும் அஹ்மதில் வருகிறது. தாடியையும் தொப்பியையும் மிஸ்வாக்கையும் ஸுன்னத் என்று பேணும் நாம், இந்த ஸுன்னத்தை ஏன் பெண்களின் பொறுப்பில் விட்டோம்? ஒரு மாகாணத்தின் ஆளுநரான நபித்தோழர், தாம் துவைத்த துணி உலரக் காத்திருந்ததில் அவருடைய கண்ணியம் சிறிதும் குறையவில்லையே!

பாலாற்றின் கணக்கு

துவைக்கக் கை மட்டும் போதாது, நீரும் வேண்டும். காஞ்சிபுரத்தின் நீர்வளம் பாலாற்றையும் அதன் கிளையாகிய வேகவதியையும் சார்ந்தது. காஞ்சிப் பட்டின் ஒளிக்குப் பாலாற்று நீரே காரணம் என்று சொல்வது வழக்கம். இன்று வேகவதி, நகரக் கழிவும் சாயக் கழிவும் சேரும் வாய்க்காலாகச் சுருங்கிக் கிடக்கிறது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தருகிறது.

பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் உள்ளன. தோல் பதனிடும் தொழிலால் செழித்த இவ்வூர்களில் அத்தொழிலை வளர்த்தோருள் முஸ்லிம் வணிகர்கள் முதன்மையானவர்கள். அச்செல்வத்தில் பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் எழுந்தன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அதே தொழிலின் கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று.

ஓடும் ஆற்றின் கரையில் ஒளு செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்ற போதனை நம்மிடம் உண்டு. மேலே ஓர் ஊரில் நாம் ஒளுவுக்கு நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்திவிட்டு, கீழே மற்றோர் ஊர் துணி அலசும் நீரைக் கெடுத்தால், நமது தஹாரத்தின் கணக்கு எங்கே முடியும்? பிறருடைய நீரைப் பாழாக்குவது பிறருடைய உரிமையைப் பறிப்பது. அதற்குத் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் ஈடும் செய்ய வேண்டும்.

இன்றைய கொடிக்கயிறு

இன்று நடுத்தர வீடுகளுக்குச் சலவை இயந்திரம் வந்துவிட்டது. அதில் துவைத்த துணி தொழுகைக்கு ஏற்றதா என்று பலர் கேட்கின்றனர். ஆலிம்கள் பொதுவாகக் கூறும் வழி எளியது. கண்ணுக்குத் தெரியும் நஜீஸை முதலில் தனியே கழுவி நீக்க வேண்டும். பின்னர் அழுக்கு நீர் வெளியேறி, புதிய நீரில் போதிய முறை அலசப்பட்டு, நிறமும் வாடையும் நீங்கியிருந்தால் துணி தூய்மையானது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், இறுதி அலசலில் தூய நீர் துணியின் மேல் பாய்வதை உறுதி செய்துகொள்வது பேணுதலானது. குழந்தையின் சிறுநீர் பட்ட துணியைத் தனியே அலசிவிட்டுப் போட்டால் மற்றத் துணிகளைப் பற்றிய ஐயமும் எழாது. அதற்கு மேல் வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இயந்திரம் துவைக்கும்; பிழியும். ஆனால் துணியைப் பிரித்துப் போடுவதும், கொடியில் உலர்த்துவதும், மாலையில் எடுத்து மடிப்பதும் இன்னும் மனிதக் கைகளே. அந்தக் கைகளுள் ஆண்களின் கையும் இருக்கட்டும். விடுதியில் தன் துணியைத் தானே துவைத்துப் பழகும் இளைஞன், படிப்பு முடிந்து வீடு திரும்பியதும் அந்தப் பழக்கத்தை விடுதியிலேயே விட்டுவிட வேண்டியதில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்குத் துணி வாங்கும்போதே கூலியைக் கொடுப்போம். அவரைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைப்போம். நம் வீட்டில் துணி துவைக்க வரும் பெண்மணிக்கும் அவ்வாறே. துவைத்த நீரில் சோப்பு மிகாதிருக்கவும் அந்நீர் ஏரியையோ கிணற்றையோ சென்று கெடுக்காதிருக்கவும் இயன்றதைச் செய்வோம்.

தூய்மை ஈமானின் பாதி என்று நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்தப் பாதியை நூற்றாண்டுகளாக நமக்காகச் சுமந்தவர்களுள் நம் தாய்மார்கள் உண்டு. நம் மார்க்கத்தைச் சாராத எளிய தொழிலாளர்களும் உண்டு. அவர்களுடைய கடனை நாம் முழுமையாக அடைக்க இயலாது. இனியேனும் அதைப் பெருக்காமல் இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் ஆடைகளையும் உள்ளங்களையும் கொடுக்கல் வாங்கல்களையும் தூய்மையாக்கி வைப்பானாக. பிறர் உழைப்பின் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.